முதுகுப்பையும் 20 சதவீத மந்திரமும்

நெடுந்தூர மலைநடை பற்றிக் கையேடு எழுதுகிறவர்கள் விடாமல் ஓதும் மந்திரம் ஒன்று உண்டு. "முதுகுப்பை உடல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது." கேட்க எவ்வளவு விஞ்ஞானமாக இருக்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்த விதிப்படி 10 கிலோ. 90 கிலோ ஆணுக்கு 18 கிலோ. இருவருக்கும் ஒரே மழை, ஒரே குளிர். அவளுடைய அடுப்பு மட்டும் பாதி எடையிலா இருக்கும்? சரி, அவருடைய 90 கிலோவில் 20 கிலோ தொப்பை என்றால்? ஏற்கெனவே அதைச் சுமக்கும் முழங்காலுக்கு, போனஸாக இன்னும் 4 கிலோ சுமக்க அனுமதி!

போகட்டும். பையின் எடை மாறாத ஒன்றா என்ன? நாளுக்கு 800 கிராம் என்றால் ஐந்து நாள் சாப்பாடு 4 கிலோ. 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ. இவை குறைந்துகொண்டே போகும். கடைசிவரை முதுகைவிட்டு இறங்காதவை கூடாரம், படுக்கை, உடை, பாத்திரம், அந்தப் பை. அமெரிக்காவில் நெடுநடைக்காரர்கள் இதை மட்டும் 'பேஸ் வெயிட்' என்று தனியாக நிறுக்கிறார்கள். 4.5 கிலோவுக்குள் இருந்தால் அது 'அல்ட்ராலைட்'. சுமப்பவரின் எடையை அங்கே யாரும் கேட்பதில்லை.

எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955இல், தன் 67ஆம் வயதில், சுமார் 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். தானே தைத்த துணிப்பை, ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை. கூடாரமே கிடையாது. சதவீதம் பார்த்தா கட்டினார்? எது வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த விதியின் உண்மையான கெடுதல் இங்கேதான். உச்சவரம்பு என்று சொல்லப்படுவது இலக்காக மாறிவிடுகிறது. "இன்னும் 2 கிலோவுக்கு இடமிருக்கிறதே" என்று மூன்றாவது சட்டை, இரண்டாவது டார்ச், தடித்த நாவல் எல்லாம் உள்ளே போகும். பையை நிரப்புவது தேவை அல்ல, பயம். மூன்றாம் நாள் இறக்கத்தில் முழங்கால் வீங்கி, பயணமே பாதியில் நிற்கும்.

அதற்காக, எடை குறைக்கிறேன் என்று மழைச்சட்டையையும் கம்பளியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவது வீரமல்ல, மடமை. நனைந்த உடம்பைக் குளிர் கொன்றுவிடும். கேட்வுட் பாட்டிக்கே வழியில் பலர் வீட்டில் இடம் கொடுத்தார்கள். எல்லா மலையிலும் வீடு இருக்காது.

அப்படியானால் சரியான எடை எது? எல்லாவற்றையும் தராசில் வைத்து நிறுத்து, சாப்பாடும் தண்ணீரும் சேர்த்துக் கட்டி, ஏற்றமும் இறக்கமும் உள்ள பாதையில் ஒரு முழு நாள் நடக்க வேண்டும். மறுநாள் காலை அதே பையை முகம் சுளிக்காமல் தூக்க முடிந்தால், அதுதான் அவரவர் எடை. கையேட்டுக்கு அது தெரியாது. தோளுக்கும் முழங்காலுக்கும் தெரியும்.