“ராக் போயிடுச்சு சார்”

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘கீச்’ என்று ஒரு சத்தம் வந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர், டயருக்குக் காற்றடிக்கும் பையன் என எல்லோர் வாயிலும் ஒரே தீர்ப்பு: “ராக் போயிடுச்சு சார், மாத்திடுங்க.” இந்த நம்பிக்கை எத்தனை பேர் பணத்தைக் கரைத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கரைந்ததில் என் பணமும் உண்டு.

ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது பல் வெட்டிய ஓர் இரும்புத் தண்டை இடமும் வலமுமாகத் தள்ளும். அந்தத் தண்டுதான் ராக். கிரீஸில் ஊறி, ரப்பர் உறைக்குள் மூடிக் கிடப்பது. தேய்ந்தால் மேடுபள்ளத்தில் ‘டொக் டொக்’ என்று அடிக்கும், ஸ்டீயரிங்கில் ஆட்டம் தெரியும், ஹைட்ராலிக் வகை என்றால் ஆயில் கசியும். கீச்சிடுவது பொதுவாக அதன் குணமே அல்ல. காய்ந்த ரப்பரோ பிளாஸ்டிக்கோ உலோகத்தில் உரசும் இடத்தில்தான் பெரும்பாலும் கீச்சொலி பிறக்கிறது. ஒட்டும், நழுவும், மறுபடி ஒட்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் நூறு தடவை. அந்த அதிர்வு இரும்புத் தண்டு வழியாக ஏறிக் கைக்கு வந்துவிடுகிறது. கையில் கேட்பதால் ஸ்டீயரிங்கே கெட்டுவிட்டதென்று முடிவுகட்டிவிடுகிறோம்.

எங்கள் காரில் அந்தச் சத்தம் வந்தபோது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் ராக்கை மாற்றினார்கள். வண்டியை வெளியே எடுத்த முதல் திருப்பத்திலேயே அதே கீச். பிறகு வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆனில் வைத்து, “மெதுவா ஆட்டுங்க தம்பி” என்றார். டார்ச்சோடு பிரேக் பெடலுக்கு மேலே தலையை நுழைத்துக்கொண்டார். ஸ்டீயரிங் தண்டு இன்ஜின் பக்கம் போகும் துளையில் தூசி வராமலிருக்க ஒரு ரப்பர் பூட் உண்டு. அதன் விளிம்பு தண்டில் உரசி உரசி, அந்த இடம் மட்டும் கண்ணாடியாய்ப் பளபளத்தது. சுண்டுவிரல் நுனியில் சிலிகான் கிரீஸ் எடுத்துச் சுற்றித் தடவினார். சத்தம் நின்றுவிட்டது. டீக்காசுகூட வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

அவர் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. இன்ஜின் அணைந்திருந்தும் சத்தம் வந்தால் பவர் ஸ்டீயரிங் பெல்ட் மேல் குற்றமில்லை. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். அதற்குப் பெல்ட்டும் கிடையாது, ஆயிலும் கிடையாது. அதற்கும் “ஸ்டீயரிங் ஆயில் ஊத்துங்க” என்று அறிவுரை சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் திருப்ப, இன்னொருவர் முன்சக்கர ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். ஸ்பிரிங் சுழலாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று துள்ளினால், மேலே இருக்கும் ஸ்ட்ரட் பேரிங்தான் காரணம். மால்களின் வழவழப்பான பார்க்கிங் தரையில் மட்டும் கேட்டால் அது வெறும் டயர் சத்தம்.

ஸ்ப்ரே டப்பாவை நம்பும் கூட்டம் தனி. டபிள்யூடி-40 என்பது 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கப் பிறந்த திரவம். கிரீஸ் போல் அது நிலைத்து நிற்காது. கையில் கிடைத்த ஸ்ப்ரேயை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள இடுக்கில் அடிப்பது அதைவிட மோசம். ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் ஒயர் அங்கேதான் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். உயிர் காக்கும் ஒயரில் எண்ணெய் அடித்து விளையாட வேண்டாம்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை, சக்கரத்தை சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் பால் ஜாயிண்ட். அதன் ரப்பர் கிழிந்து மழைத்தண்ணீர் புகுந்தால் கிரீஸ் போய்த் துருப்பிடிக்கும். அப்போது திருப்பும்போதெல்லாம் அது முனகும். அதுவும் ஸ்டீயரிங் சத்தமாகத்தான் காதில் விழும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் கழன்று, ஓடும் வண்டியில் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். அப்படி முனகிக்கொண்டு வருகிற வண்டியையும் கீழே குனிந்து பார்க்காமல், புது ராக் மாட்டி, பில் போட்டு ரோட்டுக்கு அனுப்புகிறார்கள்.