டால்பினோடு குளியல்: 33 பேர் சிக்கியது ஏன்?

அமெரிக்காவின் ஹவாய் தீவில், டால்பின் கூட்டத்தை விரட்டி விரட்டி நீந்திய 33 பேர் 2023 மார்ச்சில் கூண்டோடு சிக்கினார்கள். ஹோனவுனவ் விரிகுடாவில் அதிகாரிகள் பறக்கவிட்ட ட்ரோன் கேமராவில் எல்லாம் பதிவாகி விட்டது.

கடல்ல குளிச்சது ஒரு குத்தமா? அங்கே குத்தம்தான். 2021 அக்டோபரில் இருந்து 'ஸ்பின்னர்' ரக டால்பினை 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. அதுவா நெருங்கி வந்தாலும் நாமதான் விலகணும்.

டால்பினை நம்மூர் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். அதில் இந்த ரகத்துக்கு எப்பவும் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க ஆழ்கடலில் மீன், கணவாய் வேட்டை. விடிந்ததும் கரையோர விரிகுடாவில் ஓய்வு. தூக்கத்திலும் பாதி மூளை விழித்திருக்கும், மூச்சுவிட மேலே வரணுமே! சுற்றுலா படகுகள் சரியா அந்த நேரத்தில்தான் குடும்பம் குடும்பமாக ஆட்களை இறக்கின. நைட் ஷிப்ட் முடிச்சு படுத்தவனை பத்து பேர் தட்டி எழுப்பினா எப்படி? அதுவும் தினமும். தூக்கம் கெட்டால் இரை பிடிக்க, குட்டியை காக்க தெம்பு இருக்காது.

படகுக்காரர்கள் பிழைப்பு அடிபட்டது நிஜம். டால்பின் வேற இடம் பார்த்து போய்விட்டால் மட்டும் பிழைப்பு ஓடுமா?

இடிக்கிற விஷயம் வேற. தொட்டியில் அடைத்து, காசு வாங்கிக் கொண்டு டால்பினை தொடவிடுவதை இந்த விதி தடுக்கவில்லை. இந்தியாவில் டால்பின் காட்சிக் கூடங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று 2013லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. இதில் நாமதான் முன்னாடி!