வேறு ஆள் கிடைக்காத ஊர்கள்

கோடை வந்ததும் நம் துறையில் ஒரு வழக்கம் தலைகாட்டும். வாடிக்கையாளர் நாலைந்து பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நன்றாக ஓடும் நிறுவனம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவது. மொன்றியலில் நம்மவர் வண்டி பெரும்பாலும் ரொறன்ரோ பக்கம் திரும்பி ஸ்காபரோவில்தான் நிற்கும். போகவேண்டாம் என்பதல்ல. ஆனால் அங்கே பார்க்கக் கிடைப்பது நம் கடைகளைத்தான், கொஞ்சம் பெரிய அளவில். சிறுதொழில் ஆலோசகருக்கும் கணக்காளருக்கும் வேண்டிய சரக்கு எதிர்த்திசையில், 10ஆம், 20ஆம் நெடுஞ்சாலைகளை ஒட்டிய சிற்றூர்களில் கிடக்கிறது.

வால்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். 1926இல், 19 வயதில், ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே இங்கே வாகனம் பழுதுபார்க்கும் பட்டறை திறந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன், பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியின்றி இறந்தான். ரப்பர் போர்த்திய பல்சக்கரமும் அது இழுக்கும் ரப்பர் பட்டையும் கொண்ட பனிவண்டி அமைப்புக்கு 1937இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மருத்துவர், பாதிரியார், பள்ளிப் பிள்ளைகள் என்று கிராமத்துக் கியூபெக் முழுக்க அந்த வண்டியில் ஏறியது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய பட்டறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். வருபவர்கள் 1959இன் மஞ்சள் ஸ்கி-டூ என்ற சிறு பனிவண்டிப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நம் வாசகர்கள் நிற்கவேண்டிய இடம் அதற்கு முந்திய பத்தாண்டு. 1940களின் இறுதியில் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனி அகற்றத் தொடங்கியது. சாலை திறந்தால் பனிவண்டி எதற்கு? விற்பனை விழுந்தது. அதே பல்சக்கரத்தையும் பட்டையையும் வைத்துக் காட்டுக்கும் சதுப்புக்கும் போகும் வண்டிகளைச் செய்து நிறுவனம் தாக்குப்பிடித்தது. ஸ்கி-டூ அதற்கப்புறம் வந்தது.

1973 எண்ணெய் நெருக்கடியை ஒட்டி இன்னொரு சரிவு. பனிவண்டிச் சந்தை படுத்தது. லா பொகாத்தியேர் ஊரில் இருந்த பொம்பார்டியே நிறுவனத்தின் பனிவண்டி ஆலை, 1974இல், அதுவரை ரயில்பெட்டியே கட்டாத நிலையில், மொன்றியல் மெட்ரோவுக்கு 423 பெட்டிகள் கட்டித்தர ஒப்பந்தம் பெற்றது. பார்க் நிலையத்தில் ஏறிக் கோட்-டே-நேஜில் இறங்கும் நம்மவர்களுக்கு, வண்டி புறப்படும்போது எழும் மூன்று சுரங்கள் மனப்பாடம். அவை அந்தப் பெட்டிகளின் மின்கருவி எழுப்பும் ஒலிதான்.

ஏன் ஆலையை மூடிவிட்டுப் போகவில்லை? அரசின் கை இதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் கணிப்பில் பெரிய காரணம் வேறு. நகரத்தில் வியாபாரம் படுத்தால் ஆளை நிறுத்துவோம், எழுந்தால் வேறு ஆள் எடுப்போம். சிற்றூரில் வெல்டிங் தெரிந்தவன் ஊரைவிட்டுப் போனால் போனவன்தான். ஞாயிறு தேவாலய வாசலில் அவன் மனைவி முகத்திலும் முழிக்கவேண்டும். அதனால் அங்கே முதலாளி, இருக்கும் கைகளுக்கு ஏற்ற அடுத்த சரக்கைத் தேடுகிறார். நம் ஐந்தொகையில் இந்தக் கைகளுக்குச் சொத்துப் பக்கத்தில் இடமே இல்லை. சம்பளச் செலவாக மட்டும் தெரிகிறார்கள். வாடிக்கையாளர் ஆள் குறைக்கப்போகிறேன் என்று வரும்போது, அவர்களுக்கு வேறென்ன வேலை தெரியும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

கிங்சி ஃபோல்ஸையும் பாருங்கள். 1964இல் லெமேர் சகோதரர்கள் கைவிடப்பட்ட பழைய காகித ஆலையைப் பிடித்து, கழிவுக் காகிதத்தில் காகிதம் செய்யத் தொடங்கிய ஊர் அது. அந்த நிறுவனம்தான் கஸ்காட்ஸ். தொழிலாளருக்கு இலாபத்தில் பங்கு கொடுப்பது அங்கே பழைய வழக்கம்.

வென்றவர்களை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். தோற்ற நிறுவனத்துக்கு யாரும் அருங்காட்சியகம் கட்டுவதில்லை. வால்கூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் வால்-டே-சூர்ஸுக்கும் போங்கள். 2020 வரை அந்த ஊரின் பெயரே ஆஸ்பெஸ்டாஸ். கல்நார் புற்றுநோய் தரும் என்று உலகம் ஒதுக்கியது, சுரங்கம் மூடியது, ஊர் நடுவே பிரம்மாண்டமான குழி மிஞ்சியது. அங்கும் கைகள் இருந்தன, ஊர்ப்பற்றும் இருந்தது. ஒரே கனிமத்தைத் தோண்டப் பழகிய கைகள், அவ்வளவுதான்.

போனால் அவசரமாகத் திரும்பாதீர்கள். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனபோது, மாதக்கணக்கில் தங்கித்தான் கற்றார்கள். அத்தனை நாள் நம்மால் முடியாது. ஒரு ராத்திரியாவது தங்கலாம். மறுநாள் காலை ஊர்ச் சாப்பாட்டுக்கடையில், ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் எவரேனும் அகப்படுவார். ஜூலைக் கடைசி இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். கட்டுமான விடுமுறையில் பல ஆலைகளும் சேர்ந்தே பூட்டிக் கிடக்கும். பிரெஞ்சு தடுமாறுகிறவர்கள், இங்கே பள்ளிக்கூடம் போன மகனையோ மகளையோ கூட்டிப்போங்கள். கேள்வியை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.