அச்சு மாற்றும்போது ஜாக்கியை நம்பலாமா? உப்புக் கடற்கரையில் பழைய டிரெய்லர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பழைய டிராக்டர் டிரெய்லர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெயின்ட். அடுத்து டயர். அப்புறம் பக்கத் தகட்டில் கையால் இரண்டு தட்டு. குனிந்து அடியில் இருக்கும் அச்சைப் பார்ப்பவர்கள் குறைவு. கோட்டக்குப்பம் பக்கம் வண்டி வாங்குகிறவர் முதலில் குனிவதுதான் நல்லது.

காரணம், ஊர் அப்படி. கிழக்கே கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்தக் கடற்கரையில் ஓடிய டிரெய்லர் உப்பு ஏற்றியிருக்கலாம், படகு இழுத்திருக்கலாம், வெறும் மணலும் செங்கல்லும் மட்டும் சுமந்திருக்கலாம். எதுவானாலும் உப்புக் காற்றில்தான் நின்றிருக்கும். கண்ணுக்குத் தெரியும் துரு பெரிய விஷயமில்லை, சுரண்டினால் போய்விடும். ஆபத்தானது இடுக்குகளில் உட்கார்ந்திருக்கும் துரு. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே, யூ போல்ட் அச்சைக் கவ்வும் இடத்தில், வெல்டிங் ஓரத்தில் உப்பு தங்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் வெயில் நாளிலும் அந்த இடம் முழுதாகக் காயாது. அங்கே இரும்பில் சின்னச் சின்னக் குழிகள் விழும். பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க, அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. மேலே புதுப் பச்சை பெயின்ட் பளபளக்கும், அடியில் விரிசல் வளர்ந்துகொண்டிருக்கும்.

அச்சு கெட்டிருப்பதை டயரே சொல்லிவிடும். டயரின் உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அச்சு நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு சக்கரங்களும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து தெரியும். ஹப் மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். படகு இழுத்த வண்டிகளில் இது சகஜம். ஓடிச் சூடேறிய ஹப்பை அப்படியே கடல் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஹப் ஆறிய பிறகு இறக்கினாலே பேரிங் பல காலம் பிழைக்கும்.

அச்சு முறிவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உப்பு வணிகர்களான உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போன காலத்திலேயே, வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூறு 102-ஆம் பாடலில் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் இந்தச் சேம அச்சுக்குத்தான் ஒப்பிடுகிறார். ஓர் இளவரசனைப் புகழ எடுத்த உவமை, உப்பு வண்டியின் ஸ்பேர் பார்ட்! சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஆக, உப்பு வண்டியும் அச்சுக் கவலையும் இங்கே பழைய சொந்தக்காரர்கள்.

அச்சு ஏன் முறிகிறது என்பதை வள்ளுவரும் சொல்லிவிட்டார். மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரத்துக் குறள். மயிலிறகை விட்டுவிட்டு மணல் கணக்கைப் பார்க்கலாம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உலர்ந்த மணல் அந்த அளவுக்குச் சுமார் நாலரை டன் வரும், நனைந்திருந்தால் இன்னும் கூடும். அதே இடத்தை அடைக்கும் கல் உப்பு ஒரு டன்னுக்கு மேல் எடை குறைவு. உப்பு ஏற்றிய பெட்டியில் அதே உயரத்துக்கு மணலை நிரப்புகிறவர், பார்வைக்கு அதே பாரத்தைத்தான் ஏற்றுகிறார். அச்சுக்கு அது அதே பாரம் இல்லை.

புது அச்சு வாங்கும்போது ‘கொஞ்சம் தடியாகவே போட்டுவிடலாம்’ என்று தோன்றும். தவறில்லை, ஆனால் அதனால் வண்டியின் தாங்கும் திறன் கூடிவிடாது. அச்சு, ஸ்பிரிங் பட்டை, ரிம், டயர் ஆகியவற்றில் எது பலவீனமோ அதன் அளவுதான் வண்டியின் அளவு. சட்டமும் அப்படியே. ஆர்.சி.யில் அனுமதித்த எடை என்னவோ அதுதான் கணக்கு; தடித்த அச்சு போட்டதால் அது மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் தனியாக 2,000 ரூபாய்.

ஆர்.சி. பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். டிராக்டருக்கு இருப்பதுபோல டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு. கோட்டக்குப்பத்தில் தெரு தாண்டினால் புதுச்சேரி. அந்தப் பக்கத்து பி.ஒய். எண் வண்டியை இந்தப் பக்கம் வாங்கினால், அது வேறு மாநில வண்டி மாதிரிதான். தடையில்லாச் சான்று இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. ‘பக்கத்துத் தெருதானே’ என்று வெறும் ரசீதோடு ஓட்டி வந்துவிட்டு அப்புறம் அலைய வேண்டாம்.

அச்சுக்கு அளவு எடுக்கும்போது பழைய அச்சைக் கழற்றுவதற்கு முன்பே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இரு ஹப் முகங்களுக்கு இடையே உள்ள நீளம், இரு ஸ்பிரிங்குகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம், அச்சுக் கட்டையின் பருமன், சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கையும் வட்ட அளவும். இதில் ஒன்று பிசகினாலும் கடைக்கு இன்னொரு நடை.

வண்டிக்கு அடியில் போகும் முன்

இனிதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அச்சு மாற்றுவது பஞ்சர் ஒட்டுவது போன்றதல்ல. பஞ்சருக்கு ஒரு சக்கரம் மட்டும் தரையை விட்டு எழும்பும். இங்கே வண்டியைத் தாங்கி நிற்கும் உறுப்பையே உருவி எடுக்கிறோம். இரண்டு சக்கர டிரெய்லரில் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில்தான். அது போய்விட்டால், சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தேன் என்பதற்கே அர்த்தமில்லை. வண்டி முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது முன்னால் மாட்டியிருக்கும் டிராக்டர் ஒன்றுதான்.

அதனால் டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றாமல் வேலை பார்ப்பதே பாதுகாப்பு. பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து வேலை செய்கிறவரின் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. வண்டி காலியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் ‘அரை மூட்டைதானே கிடக்கிறது’ என்று விட்டுவிடும் பழக்கம் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இடம் முக்கியம். உப்பளக் கரையோ கடற்கரை மணலோ இதற்கு ஆகாது. கோட்டக்குப்பத்தில் பல வீட்டு வாசலே மணல்தான். அங்கே ஜாக்கி வைத்தால் ஒரு பக்கமாகப் புதையும். சிமென்ட் தளம் கிடைக்காவிட்டால் தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட்டு, அதன் மேல்தான் ஜாக்கியும் ஸ்டாண்டும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் தொங்கினால் வண்டியே ஆடும்.

ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் ஒரு சின்ன சீல் விட்டுக்கொடுத்தால் போதும், மேலே இருப்பது கீழே வரும். எனவே வண்டியைத் தூக்கியதும் சேஸிஸின் முக்கியச் சட்டத்துக்கு அடியில், இரு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, பாரத்தை அதன் மேல் இறக்க வேண்டும். அச்சுக்கோ ஸ்பிரிங்குக்கோ அடியில் வைத்த ஸ்டாண்டால் பயனில்லை, கழற்றப்போவதே அவற்றைத்தான். ஸ்டாண்ட் அச்சுக்கு ரொம்ப முன்னால் தள்ளி இருந்தால் பெட்டி பின்பக்கமாகக் குடைசாயப் பார்க்கும். அச்சு இருந்த கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் பாரம் ஸ்டாண்டுகளுக்கும் கொக்கிக்கும் நடுவே நிற்கும்.

ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் அடுக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. வீடு கட்ட உதவும் கல் இதற்கு உதவாது. பாரம் ஒரு முனையில் குவிந்தால் அது முன்னறிவிப்பே இல்லாமல் தூளாகும். மரத்துண்டு நசுங்கும்போதாவது சத்தம் போடும், பிளாக் போடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகு, வெளியே நின்றபடி பெட்டியைத் தோளால் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதானால் ஆள் அடியில் இல்லாதபோது விழட்டும். தூக்கிய ஜாக்கியையும் எடுத்துவிடாமல், இரண்டாவது காவலாகச் சட்டத்தைத் தொட்டபடி விட்டுவைக்கலாம்.

டிப்பராக இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. பெட்டியைத் தூக்கி நிறுத்தியபடி அடியில் வேலை பார்ப்பவர்கள், ஹைட்ராலிக் லிவரை யாராவது தெரியாமல் தட்டினாலோ ஹோஸ் வெடித்தாலோ ஒதுங்க நேரமே கிடைக்காது. பெட்டி இறங்கியிருக்க வேண்டும், அல்லது கனமான இரும்பு முட்டு கொடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளை விரட்டுவதும் இந்த வேலையில் சேர்த்தி.

துருப்பிடித்த யூ போல்ட் நட்டு எளிதில் வராது. முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் வெட்டி எடுப்பதுதான் வழி. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது என்பதால் வெட்டுவதில் நஷ்டமில்லை. ஆனால் கேஸ் கட்டர் பற்றவைக்கும் முன் சக்கரங்களைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். காற்றடைத்த டயர் மாட்டிய ரிம்மிலோ அதன் போல்ட்டிலோ நெருப்புக் காட்டினால், டயருக்குள் ரப்பர் கருகி எரிவாயு உண்டாகும். சூடு காட்டி முடித்துச் சில நிமிடம் கழித்துக்கூட டயர் குண்டு மாதிரி வெடிக்கலாம்.

கடைசி நட்டைக் கழற்றும் முன் அச்சுக்கு அடியில் ஜாக்கியோ செயின் பிளாக்கோ இருக்க வேண்டும். ஹப்போடு சேர்ந்த அச்சு இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற கனமில்லை. நழுவினால் பிடிக்கப் பாயாமல் விலகிவிடுவதே புத்திசாலித்தனம்.

பொருத்துவதில் இருக்கும் கணக்கு

புது அச்சு நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் அது பழுதில்லை. பாரம் ஏறும்போது நேராகட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். அந்த வளைவு மேல்பக்கம் இருக்கும்படிதான் பொருத்த வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சு இருக்கையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கினால் அப்போது பிடித்த மாதிரிதான் இருக்கும், முதல் பள்ளத்தில் அச்சு நழுவும்.

முழுதாக இறுக்கும் முன் ஒரு டேப் வேண்டும். முன்னால் கொக்கி வளையத்தின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்தே போகும், டயரை மாதாமாதம் தின்னும். சரியானதும் யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

முறிந்த பழைய அச்சையே வெல்டிங் வைத்து ஓட்டுவது மலிவான யோசனை. பாரம் ஏறியதும் அச்சின் நடுப்பகுதியில் அடிப்பக்கம்தான் அதிகமாக இழுபடுகிறது. அங்கே குறுக்கே வைத்த வெல்டிங் அடுத்த விரிசலுக்குப் பிள்ளையார் சுழி. வேறு எங்கேனும் வெல்டிங் வைத்தே ஆக வேண்டியிருந்தால், எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து, புது பேரிங்கின் உருளைகளைப் பொத்தலாக்கிவிடும்.

பேரிங்கில் கிரீஸ் என்பது மேலே பூசும் சந்தனம் இல்லை. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை அழுத்தி ஏற்ற வேண்டும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் சற்றுப் பின்வாங்கி, சக்கரம் தங்குதடையில்லாமல் சுற்றும் நிலையில் புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். ரொம்ப இறுகினால் பேரிங் எரியும், ரொம்பத் தளர்ந்தால் சக்கரம் ஆடும். மாட்டு வண்டியில் கடையாணி செய்த வேலையை இங்கே செய்வது சில ரூபாய் பெறும் அந்தப் பின்தான். பழையதை நிமிர்த்திப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முதல் ஓட்டம் காலி வண்டியோடு, ஊருக்குள்ளேயே. சில கிலோமீட்டர் போய் நிறுத்தி, புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோனால் சூடு தெரியும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்த பேரிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் யூ போல்ட், சக்கர நட்டு எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். புது இரும்பு உட்கார்ந்து கொடுக்கும்போது நட்டு தளர்வது இயல்பு. பட்டறையிலிருந்து வந்த கையோடு நேராக உப்பு ஏற்றப் போகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அச்சு வேலைக்கு அவசரமில்லாத காலம் அதுதான். சீசன் நடுவில் நடைக்கு நடை கூலி கணக்குப் பார்த்துக்கொண்டு, இரவில் செல்போன் வெளிச்சத்தில் அச்சு மாற்றுவதைத் தவிர்க்கலாம். சீசன் நாட்களில் கடைசி நடை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவிவிட வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கும் யூ போல்ட் ஓரமும் நனைய வேண்டும். ஹப்பின் சீல் மீது மட்டும் பிரஷர் தண்ணீரை நேராகப் பீய்ச்சக் கூடாது, உப்பு கலந்த தண்ணீரைக் கையோடு உள்ளே அனுப்பிவிடும்.