மாளிகை போனது, மதில் நிற்கிறது



ஒரு தாளை மேசைமேல் நிமிர்த்தி வைத்தால் விழுந்துவிடும். வளைத்து வைத்தால் நிற்கும். வகுப்பில் இதைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன்.

இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் ஈஸ்டன் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பிரபுவின் மாளிகைக்கு எழுப்பிய செங்கல் மதில் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பாம்பு போல வளைந்து வளைந்து போகும் இந்த வகை மதிலை அங்கே 'கிரிங்கிள் கிராங்கிள்' என்பார்கள். சுவரின் கனம் குறைவு, முட்டுச்சுவரும் கிடையாது. வளைவே அதைத் தாங்குகிறது. செங்கலும் மிச்சம்.

மாளிகையை 1920களில் இடித்துவிட்டார்கள். மதில் இன்றும் நிற்கிறது.

பாரம்பரியம் என்றால் மாளிகையை மட்டும் பார்ப்பது தவறு. மதிலும் நுழைவாயிலும் அதன் பாதிச் சரித்திரம். இங்கிலாந்துச் சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள மாளிகையின் வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் மதிலுக்கும் வாசல் தூண்களுக்கும் பொதுவாக அதே பாதுகாப்பு உண்டு.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. பழுது பார்க்கிறேன் என்று சிமெண்ட் பூசுகிறவரும் மதிலுக்கு எதிரிதான். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து, செங்கலின் முகத்தையே பெயர்த்துவிடும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குக் கூலி கொடுக்க மனமில்லாதவர்கள், அந்த மதிலைத் தொடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.