ஊர் நிதியும் புளொக்செயினும்: நிபுணர் ஆலோசனைச் சபை குறித்து எமது நிலைப்பாடு

ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் கூட்டுறவுச் சங்கங்களிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் சனசமூக நிலையங்களிலும் பொறுப்பு வகிக்கும் நாம் கூடிப் பேசி இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். புலம்பெயர் உறவுகள் அனுப்பும் ஊர் நிதியைப் புளொக்செயின் முறையில் நிருவகிக்கலாம், யார் எங்கிருந்தாலும் கைபேசியில் வாக்களித்துச் செலவைத் தீர்மானிக்கலாம் என்ற யோசனை நம்மவரிடையே பேசப்படுகிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பவர்கள் அல்ல நாம். ஆனால், அப்படியொரு முறை வருமானால் அதற்கு முன்பே சுயாதீனமான நிபுணர் ஆலோசனைச் சபை ஒன்று இருக்க வேண்டும். அந்தச் சபை கேள்வி கேட்கலாம், அறிக்கை தரலாம், ஒரு தீர்மானத்தைச் சில நாள் நிறுத்தியும் வைக்கலாம். காசைத் தொடவோ வாக்களிக்கவோ அதற்கு உரிமை இருக்கக்கூடாது. தீர்மானம் உறுப்பினருடையது, ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு.

ஏன் இப்போது இதைப் பேசுகிறோம் என்றால், ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று எங்கும் எமது ஊர்களின் ஒன்றியங்கள் உள்ளன. பள்ளிக்கூடக் கட்டடம், கோயில் திருப்பணி, கிணறு இறைத்துத் துப்புரவாக்குதல், மாணவர் உதவி என்று அவர்கள் அனுப்பும் காசில்தான் பல வேலைகள் நடக்கின்றன. அனுப்பியவருக்குத் திரும்பிக் கிடைப்பது வட்ஸ்அப்பில் ஒரு பற்றுச்சீட்டுப் படம், திறப்பு விழாவில் நாடா வெட்டும் படம், வருட முடிவில் ஒரு கணக்கறிக்கை. இது போதாது என்று அவர்கள் சொல்வது நியாயம். புளொக்செயின் என்பது அழிக்க முடியாத, எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு. அப்படி ஒன்று என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் எங்கள் சங்கங்களில் ஒரு தீர்மானம் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நெடுந்தீவில் பொதுக்கூட்டம் என்றால் குறிகட்டுவான் படகு நேரத்தைப் பார்த்துத்தான் நேரம் குறிப்பார்கள். வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தர் பின்னேரப் படகுக்கு முன் இறங்குதுறைக்குப் போய்விட வேண்டும். செயலாளர் சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பார். பின்வரிசையில் ஒருவர் எழும்பி, “அந்த ஐம்பதாயிரத்தை எஞ்சின் திருத்தத்துக்கல்லோ ஒதுக்கினது?” என்று கேட்பார். பொருளாளர் வவுச்சர்க் கட்டைப் புரட்டுவார். வாக்குவாதம் நடக்கும். முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் அது தீர்மானம். அதன் பின் இருவர் கையொப்பம் இட்டால்தான் காசோலை. காற்றுக் காலத்தில் கோரம் சேராது, கூட்டம் தள்ளிப்போகும், சில வேளை கணக்கும் தள்ளிப்போகும். குறைகள் நிறைய. எனினும் பின்வரிசைக்காரர் எழும்பிக் கேட்கும்போது காசு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

புளொக்செயினில் இயங்கும் தன்னாட்சி அமைப்புகளில் அப்படியில்லை. நிதியை வைத்திருப்பது ஒரு கணினி நிரல். வாக்கு முடிந்து, குறித்த நேரம் கடந்ததும் அது தானாகவே காசை அனுப்பிவிடும். அதற்குப் பிறகு எழும்பிக் கேட்பதில் பயனில்லை. ஆகவே கேள்வி முன்கூட்டியே வர வேண்டும். நிரலை வாசித்து, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பின்வரிசைக்காரருக்கு விளங்கும் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். நாம் கேட்கும் ஆலோசனைச் சபையின் முதல் வேலை இதுதான்.

இதை நாம் கற்பனையில் சொல்லவில்லை. 2016இல் எதீரியம் என்ற புளொக்செயின் வலையமைப்பில் “த டாவோ” என்ற பெயரில் ஒரு பொது முதலீட்டு நிதி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 150 மில்லியன் டொலர் பெறுமதியான எதர் எனும் கிரிப்டோ நாணயம் சேர்ந்தது. அதற்கு நிபுணர்கள் இல்லாமலும் இல்லை. எதீரியத்தை உருவாக்கிய விற்றாலிக் புத்தெரின் உட்பட, துறையில் பெயர்பெற்றவர்கள் “கியூரேட்டர்” என்ற பொறுப்பில் இருந்தார்கள். ஆனால் காசு போகவிருக்கும் முகவரி சரியா என்று பார்த்து அனுமதிப்பதே அவர்களுக்குத் தரப்பட்ட முக்கிய வேலை. நிரலை வாசித்து ஆபத்தைச் சொல்லும் கடமை அவர்கள் பொறுப்பில் எழுதப்படவில்லை. அவ்வருடம் மே மாதக் கடைசியில் டினோ மார்க், விளாட் சம்ஃபிர், எமின் குன் சிரர் ஆகிய மூவர், வாக்களிப்பு முறையில் பல குறைகள் இருப்பதாகவும் அவை திருத்தப்படும்வரை பிரேரணைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் பகிரங்கமாக எழுதினார்கள். மூவரில் சம்ஃபிர் கியூரேட்டர்களில் ஒருவர் வேறு. ஆனால் இயங்கும் நிரலையே நிறுத்தி வைக்கும் அதிகாரம் எவருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. ஜூன் 17 அன்று, அவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் இல்லாத இன்னொரு ஓட்டையால் 36 இலட்சம் எதர் உறிஞ்சப்பட்டது. ஜூலை 20 அன்று வலையமைப்பையே இரண்டாகப் பிரித்துத்தான் காசை மீட்டார்கள். அந்தப் பிரிவு இன்றும் எதீரியம், எதீரியம் கிளாசிக் என இரண்டு புளொக்செயின் சங்கிலிகளாக நிற்கிறது.

எங்கள் ஊர்ச் சங்கங்களிலும் “போசகர்” என்று ஒரு பதவி உண்டு. அழைப்பிதழில் முதலில் அச்சாகும் பெயர் அவருடையது. கூட்டத்துக்கு வருவது குறைவு. நாம் கேட்பது அப்படிப்பட்ட அலங்காரச் சபை அல்ல என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

பீன்ஸ்டோக் என்ற அமைப்புக்கு 2022 ஏப்ரல் 17 அன்று நடந்தது இன்னும் கொடியது. ஒருவர் ஒரே பரிமாற்றத்துக்குள் சுமார் 1 பில்லியன் டொலரைக் கடனாக வாங்கி, அதைக் கொண்டு மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பலத்தைப் பிடித்து, தானே வைத்த பிரேரணையைத் தானே நிறைவேற்றி நிதியைக் காலி செய்துவிட்டு, வாங்கிய கடனையும் உடனேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அமைப்புக்கு நட்டம் சுமார் 182 மில்லியன் டொலர். இதில் எம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது, அந்தப் பிரேரணை ஒரு நாள் முன்பே பகிரங்கமாக வைக்கப்பட்டிருந்தது என்பதுதான். உக்ரேனுக்கு நன்கொடை என்ற பெயரும் அதில் இருந்தது. எல்லோருக்கும் தெரியும் இடத்தில் கிடந்தது. வாசிப்பது யாருடைய கடமையாகவும் இருக்கவில்லை. வெளிப்படைத்தன்மை இருந்தாலே போதும் என்று வாதிடுவோர் இந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்கட்டும்.

இதே சம்பவம் இன்னொன்றையும் காட்டுகிறது. ஒருவர் டோக்கன் எனும் மின்னணு வில்லையை எவ்வளவு வைத்திருக்கிறாரோ அவ்வளவு வாக்கு என்ற முறை எமக்கு ஒத்துவராது. ரொறன்ரோவில் வீடு வைத்திருக்கும் ஒருவர் அனுப்பும் தொகையையும் நயினாதீவில் ஒரு நாள் பாட்டில் கரையேறும் மீனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கூட்டுறவு வாழும் மண் இது. எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒரு வாக்கு என்பதில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

நிறுத்தி வைக்கும் அதிகாரத்துக்கும் அளவு வேண்டும். 2021 செப்டெம்பர் இறுதியில் கொம்பவுண்ட் என்ற கடன் அமைப்பில் 62ஆம் பிரேரணை நிறைவேறி நடைமுறைக்கு வந்தபோது, நிரலில் இருந்த பிழையால் டோக்கன்கள் அளவுக்கு மிஞ்சி வெளியேறத் தொடங்கின. அந்த நேரத்தில் ஆபத்தில் இருந்தது சுமார் 80 மில்லியன் டொலர் பெறுமதி. பிழை கண்டுபிடிக்கப்பட்டும் உடனே நிறுத்த முடியவில்லை. திருத்தம் எதுவானாலும் ஏழு நாள் நடைமுறையைக் கடந்துதான் வர வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. பாதுகாப்புக்கென வைத்த காத்திருப்புக் காலமே அவர்களின் கையைக் கட்டிவிட்டது. அவசரத்துக்கு ஒரு வழி தேவை, அந்த வழியும் ஒரு சிலரின் விருப்பமாகிவிடக் கூடாது. இந்த இடத்தில் ஆர்பிட்ரம் என்ற புளொக்செயின் அமைப்பின் ஏற்பாடு பார்க்கத்தக்கது. அங்கே 12 பேர் கொண்ட பாதுகாப்புச் சபை உண்டு. அவர்கள் பாதிப் பாதிப் பேராகத் தேர்தலில் வருகிறார்கள். அவசர நடவடிக்கைக்கு 12இல் 9 பேர் கையொப்பமிட வேண்டும். பிறகு ஏன் செய்தோம் என்று எழுத்தில் விளக்கமும் தர வேண்டும். அதே ஆர்பிட்ரத்தில் 2023இல் உறுப்பினர் வாக்களித்து முடிக்கும் முன்பே அதன் அறக்கட்டளை டோக்கன்களில் ஒரு பகுதியை நகர்த்திவிட்டு, வாக்கெடுப்பு வெறும் உறுதிப்படுத்தலுக்கே என்று விளக்கம் சொன்னதும், உறுப்பினர் கொதித்ததும் நடந்தன. நல்ல விதி எழுதியிருப்பதால் மட்டும் காரியம் ஆகாது போலும்.

கூலிக்கு ஆலோசனை வழங்கும் நிறுவனங்களை நாம் தள்ளிவைக்கவில்லை. ஆனால் ஆவே என்ற அமைப்புக்கு ஆபத்து மதிப்பீடு செய்துவந்த கோன்ட்லெட் நிறுவனம் 2024 பெப்ரவரியில் விலகி, சில நாளிலேயே ஆவேயின் போட்டியாளரான மோர்ஃபோவுடன் சேர்ந்தது. சட்டப்படி அதில் தவறில்லை. ஊர் நிதிக்கு அந்த வகை உறவு போதாது என்பதே எமது கருத்து. மென்பொருளை விற்பவரும் அதில் பங்கு வைத்திருப்பவரும் சபையில் இருக்கக்கூடாது. சபையில் இருந்தவர் விலகி இரண்டு வருடம் வரை அந்த விற்பனையாளரிடம் வேலை செய்யவும் கூடாது.

எங்கள் தீவுகளைப் பற்றி வெளியார் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதில் ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய சக்தியும் காற்றும் கலந்த மின் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியில் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வருட இறுதியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம். 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி மின்கலச் சேமிப்பு, தேவைக்கு 2,500 கிலோவாட் டீசல். எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மூன்று வருடமும் தீவு மக்கள் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியே இருந்தார்கள். தீர்மானம் கொழும்பு, புது டில்லி, பீஜிங் என்று தலைநகரங்களுக்கிடையில் கிடந்தது. நடப்பதைப் பத்திரிகையில் வாசித்துத்தான் அறிந்தோம். நிபுணர் அறிக்கை என்று ஒன்று இருந்தால் அது நெடுந்தீவுப் பொதுக்கூட்டத்தில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும், வாசிக்கப்படாதது அறிக்கை அல்ல என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

சபையில் யார் யார்? ஏழு பேர் போதும் என்று நினைக்கிறோம். கணினி நிரல் வாசிக்கத் தெரிந்த ஒருவர், பட்டயக் கணக்காளர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர், கூட்டுறவுத் திணைக்களத்தில் கணக்காய்வு செய்து ஓய்வுபெற்ற ஒருவர், புலம்பெயர் ஒன்றியங்களின் சார்பில் ஒருவர். மீதி இருவர் தீவிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும்: கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவர். வாடைக்காற்றில் எந்த மாதம் படகு ஓடாது, அந்த மாதத்தில் வாக்கெடுப்பு வைத்தால் யார் விடுபடுவார், கைபேசி இல்லாத வீடு எது என்பதெல்லாம் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தெரிந்துகொள்கிற விடயமல்ல. பதவிக்காலம் இரண்டு வருடம், இரு தடவைக்கு மேல் இல்லை. படகுக் கூலியும் சாப்பாடும் சங்கம் கொடுக்கும்.

ஒரு பிரேரணையைச் சபை ஒரு முறை மட்டும், முப்பது நாளுக்கு மேற்படாமல் நிறுத்தலாம். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதன் பின்னும் பொதுச்சபை நிறைவேற்ற விரும்பினால் நிறைவேற்றலாம், சபையின் ஆட்சேபனை கூட்ட அறிக்கையில் பதியப்பட வேண்டும். நிரலில் பிழை காணும் நேரத்தில் ஏழில் ஐந்து பேர் சேர்ந்து அந்த முறையை உடனே பூட்டலாம். திறப்பது பொதுச்சபையின் வேலை.

சட்டப் பக்கமும் சுருக்கமாக. கிரிப்டோ நாணயம் சட்டபூர்வப் பணமல்ல என்று இலங்கை மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்துள்ளது. எனவே நிதி ரூபாயாக, பதிவுபெற்ற வங்கியில், சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். சங்கிலியில் ஏறுவது தீர்மானத்தின் பதிவு மட்டும். தமிழ்நாடு அரசு 2020இல் புளொக்செயின் கொள்கை வெளியிட்டு, “நம்பிக்கை இணையம்” என்ற பெயரில் கட்டிய அமைப்பும் ஆவணங்களைச் சரிபார்க்கத்தான் முதலில் பயன்படுகிறது. அந்த அளவில் தொடங்குவது எமக்கும் பொருந்தும். கூட்டுறவுக் கணக்காய்வு வழமைபோல நடக்க வேண்டும்.

எம்மை அதிகம் கவலைப்படுத்துவது தனிப்பட்ட விபரம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விபரத்தை அழிக்கக் கேட்கும் உரிமைக்கு ஏற்பாடு செய்கிறது. புளொக்செயினில் ஏறியதை அழிக்க முடியாது. ஒரு குடும்பத்துக்கு மருத்துவ உதவி வழங்கப்பட்டது என்று பெயரில்லாமல் திகதியும் தொகையும் மட்டும் போட்டாலும், அனலைதீவில் அது யார் என்று அன்று பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிடும். கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பெறும் உதவி எதுவும் எந்த வடிவிலும் சங்கிலியில் ஏறக்கூடாது. இதில் பொதுச்சபை வாக்களித்தாலும் நாம் உடன்படமாட்டோம். சபைக்குத் தடுக்கும் உரிமை வேண்டிய ஒரே இடம் இது.

புலம்பெயர் ஒன்றியங்களிடம் எமது வேண்டுகோள் இது. இத்தகைய முறை ஒன்றில் ஊர் நிதியைச் சேர்க்கும்படி உங்களிடம் கேட்கப்பட்டால், ஆலோசனைச் சபை அமைந்துவிட்டதா, அதன் முதல் அறிக்கை உங்கள் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று எழுத்தில் பதில் வரும்வரை காசை இப்போதுள்ள சங்கக் கணக்குக்கே அனுப்புங்கள். அந்தக் கணக்கின் வருடாந்த அறிக்கையைக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தராத சங்கம் எதுவானாலும் எம்மிடம் முறையிடுங்கள்.