சீகைக்கு அடியில் புல் இல்லை

நீலகிரியில் விடிந்ததும் தேயிலைக் காட்டுக்குப் போகிற நாங்கள், செடிகளுக்கு மேலே கருப்பாக ஏதாவது அசைகிறதா என்று பார்த்த பிறகே வரிசையில் இறங்குகிறோம். ஒரு டன் எடை வரை வளரும் காட்டெருமை, இடுப்பளவுச் செடிகளுக்கு நடுவே சத்தமின்றி நிற்கும். கூடையைப் போட்டுவிட்டு மேடேறி, அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். பறிக்காத இலைக்குக் காசு கிடையாது. எதிர்பாராமல் எதிரில் போய் முட்டுப்பட்டவர்கள் பலர். உயிர் போனவர்களும் உண்டு.

எதிரே அவ்வளவு காடு இருக்கிறதே, அது ஏன் ஊருக்குள் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி அந்நிய மரங்களான சீகையும் கற்பூர மரமும்தான். தோல் பதனிடப் பட்டை, ரேயான் ஆலைக்குக் கூழ்மரம், அடுப்புக்கு விறகு என்று 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பின் இன்னும் வேகமாகப் புல்வெளிகளின் மேல் நட்டார்கள். சோலையும் புல்லும் கலந்த மலையில், புல்லை வெறும் தரிசாகக் கணக்கெழுதிய காலம் அது. இன்று சீகைக்கு அடியில் குனிந்து பாருங்கள். உதிர்ந்த பொடி இலை, காய்ந்த குச்சி, இருட்டு. மேய ஒரு பிடி புல் இருக்காது. திறந்த புற்சரிவில் மட்டுமே வாழத் தெரிந்த வரையாட்டுக்கும் இதே கதி. 2024 கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் அவை 1,031 மட்டுமே. மாநில விலங்கு என்ற பெயர் மட்டும் பெரிது.

தேயிலையும் கட்டடங்களும் விலங்குகளின் வழியை அடைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு. மறுக்கவில்லை.

அந்நிய மரங்களை அகற்றுவோம் என்ற அறிவிப்பை எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். ஒரு சரிவில் மரம் வெட்டப்படும், லாரி இறங்கும், அதோடு ஆட்களும் போய்விடுவார்கள். சீகை விதையோ மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் முளைத்து, சில மழைக்குள் ஆள் நுழைய முடியாத புதராகிவிடும். அரைகுறையாக வெட்டுவதைவிட வெட்டாமலே இருக்கலாம்.

எனவே, வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கவும், இந்த மலையின் புல்லையே திரும்ப நடவும் தொடர்ந்து நிதி ஒதுக்க வேண்டும். வேலை தேடிக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கும் எங்கள் இளைஞர்களுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம். புதிதாக ஒரு மரத்தை வெட்டுமுன், ஏற்கெனவே வெட்டிப்போட்டு மறந்த சரிவுகளுக்கு அதிகாரிகள் ஒருமுறை ஏறி வரட்டும். அடுத்த பருவமழைக்குள் வரட்டும்.